தலைக்கணக்கு நாள்

ஐந்து ஆண்டுகளாக, தலைக்கு இவ்வளவு என்ற உற்பத்திக் கணக்கில் பக்கத்து நாடு முந்தியிருந்தது. அதனால் தலைக்கணக்கு நாளில் வருமானம் இல்லாதவர்களைக் கப்பலில் ஏற்றி, கடல் எல்லைக்கு அப்பால் கொண்டுபோய் மறுநாள்வரை நிறுத்தினார்கள். மொத்த உற்பத்தியை அன்று நாட்டுக்குள் இருக்கும் தலைகளால் மட்டுமே வகுப்பார்கள்.

பக்கவாதத்தில் பேச்சிழந்த கணவன் சூசையப்பனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு பிளாரன்ஸ் துறைமுகத்துக்கு வந்தாள். அவள் இறால் ஆலையில் மேற்பார்வையாளர்.

“அவரு மட்டும் ஏறட்டும்க்கா. நீங்க சம்பாதிக்கிறவங்க,” என்றார் கப்பல் வாசலில் நின்ற அலுவலர்.

“தண்ணிகூட நான்தான் சொட்டுச் சொட்டா ஊத்தணும் தம்பி. வேகமா ஊத்துனா புரையேறிரும். போன வருசம் கப்பல்ல அப்படித்தான் ரெண்டு பேரு செத்தாங்க.”

“பாத்துக்க ஆள் இருக்காங்க.”

“நானூறு பேருக்கு நாலு பேரு.”

கப்பல் சங்கு ஊதியது. சூசையப்பன் அசையும் ஒரு கையால் அவள் முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டான். பிளாரன்ஸ் கைபேசியில் ஆலை மேலாளரை அழைத்தாள்.

“சார், நான் வேலைய விட்டுட்டேன். இப்பவே பதிஞ்சிருங்க.”

“பதினெட்டு வருச வேலைம்மா. திரும்பக் கிடைக்காது.”

“தெரியும் சார். பதிஞ்சிருங்க.”

சற்று நேரத்தில் அலுவலரின் திரையில் அவள் பெயர், வருமானம் இல்லாதவர்களின் சிவப்புக்கு மாறியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வழிவிட்டார்.

நடுக்கடலில் பக்கத்து நாட்டுக் கப்பல் எதிரே வந்தது. அதன் தளத்திலும் சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. ஒரு நாற்காலியின் பின்னால், பேருந்து நடத்துநர் சீருடையைக்கூட மாற்றாத ஒரு பெண் நின்றிருந்தாள். கப்பல்கள் விலகும்வரை அவளும் பிளாரன்ஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.