திட்டு முன்னா, பாட்டு முன்னா

மாமியார் திட்டுவதும் மருமகள் காதில் இயர்போன் மாட்டுவதும்தான் ஸ்வேதாவின் ஆய்வு. எது காரணமான சாரா மாறி, எது அதனால் விளையும் சார்ந்த மாறி என்று சொல்லாவிட்டால் பேராசிரியர் கையெழுத்துப் போடமாட்டார். உத்திரமேரூரில் பஸ் ஏறி, காவாந்தண்டலம் வசந்தகுமாரி வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"அவ காதுல மாட்டிக்கினு கூப்ட்டா ஏன்னு கேக்கறதில்ல. அதான் திட்றேன்" என்றாள் வசந்தகுமாரி.

"அத்த திட்டாத இருந்தா நான் எதுக்கு மாட்றேன்?" என்றாள் மருமகள் தேவி, அடுப்படியிலிருந்து.

ஸ்வேதாவுக்குத் தலை சுற்றியது. "இன்னிக்கு ஒரு நாள் திட்டாம இருந்து பாருங்களேன், ஆன்ட்டி."

"அது மட்டும் ஆவாது" என்ற வசந்தகுமாரி, அடுப்படிப் பக்கம் திரும்பினாள். "கொயம்பா வெச்சிக்கீற? மாடு கூட மோந்து பாக்காது."

தேவி இயர்போனை மாட்டிக்கொண்டாள்.

வசந்தகுமாரி எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, தலையணைக்கு அடியிலிருந்து சரசரவென்று ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே ஜாங்கிரி.

"எனக்குச் சக்கர வியாதின்னு ஒண்ணத்தையும் கண்ல காட்டமாட்டா. காயிதம் பிரிக்கிற சத்தம் கேட்டா போதும், ஓடியாந்துடுவா." பாதியைப் பிட்டு ஸ்வேதாவிடம் நீட்டினாள். "திட்டுதான் காரணம்னு எய்திக்க, கண்ணு. எதுக்குத் திட்றேன்னு மட்டும் எய்திடாத."