அப்பா வேஷம்

அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய அம்மா, கட்டிலில் படுத்தபடியே பிள்ளைகளின் விளையாட்டை ரசித்துக்கொண்டிருந்தாள்.

மூத்தவள்தான் அப்பா. கண்மையால் மீசை வரைந்து, முழங்காலுக்குக் கீழே தொங்கும் அப்பாவின் சட்டையை மாட்டியிருந்தாள். சின்னவன் அம்மாவாகி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பாயில் படுத்திருந்தான்.

"என்னங்க, டாக்டர் என்ன சொன்னாரு?" என்று குரலை இழுத்தான்.

மூத்தவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஒண்ணும் பயமில்லன்னுட்டாரும்மா! அடுத்த மாசம் நீ எழுந்து ஓடப் போற பாரு!"

அச்சு அசல் அவரேதான்! அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மூத்தவள் அடுத்து குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரமாகியும் வெளியே வரவில்லை.

"அக்கா, சீக்கிரம் வா! உள்ள என்ன பண்றே?" என்று சின்னவன் கத்தினான்.

"இருடா! அப்பா தினமும் குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவாருல்ல? நான் இன்னும் அழுது முடிக்கல!"

அம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

சற்று நேரத்தில் அப்பா வேலையிலிருந்து வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் பதறினார். "ஏம்மா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

"உங்க பிள்ளைங்க அடிச்ச கூத்துல, சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சுங்க" என்றாள் அம்மா.