காந்தத்தில் ஒட்டியது

விமானத்திலிருந்து கழற்றிய ஆயில் பில்டரின் தகர உறையை வெட்டி எடுத்து, உள்ளே இருந்த காகித மடிப்புகளை வெள்ளைத் துணியின் மேல் விரித்தாள் அன்புமொழி.

கறுத்த ஆயில் கொழகொழவென்று கையுறையில் வழிந்தது. தீய்ந்த நாற்றம்.

மூன்றாவது மடிப்பில் ஏதோ மின்னியது.

கொட்டகை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்த்தாள். எல்லா மடிப்பிலும் இருந்தது. தூளாக இருந்தால் பரவாயில்லை. எந்த இன்ஜினிலும் கொஞ்சம் தூள் இருக்கும். இது தூள் இல்லை. செதில். வெட்டிப் போட்ட நகத்துணுக்குகள் போல.

சோற்றில் கிடந்த நகத்தைப் பார்த்தது போல முகம் சுளித்தாள்.

காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனாள். செதில்கள் துள்ளி எழுந்து ஒட்டிக்கொண்டன.

இரும்பு. இன்ஜினுக்குள் ஏதோ ஒரு பாகம் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. இன்ஜின் இன்றைக்கும் நிற்கலாம், அடுத்த மாதமும் நிற்கலாம். தரையில் இருக்கும்போது நின்றால் தப்பித்தோம்.

அன்னவாசலுக்கு வெளியே ஒரு பொட்டல், அதில் ஒரு ஓடுபாதை, ஒரு தகரக் கொட்டகை, இரண்டு குட்டி விமானங்கள். அவ்வளவுதான் அந்தப் பயிற்சிப் பள்ளி. ஆவூர்க்காரியான அன்புமொழி அங்கே இன்ஜினியராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் கையெழுத்து இல்லாமல் விமானம் கிளம்பக் கூடாது.

பத்து மணிக்கு இந்த விமானத்தில்தான் திருமுருகன் முதல்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டும். குடுமியான்மலையிலிருந்து அவன் வீட்டார் வேன் பிடித்து வந்திருந்தார்கள். அவனுடைய அம்மா செவந்தி பட்டுப்புடவை கட்டியிருந்தார். வேலிக் கம்பியைப் பிடித்தபடி விமானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பள்ளியை நடத்தும் ஆனந்தராஜ் கையில் வடையோடு வந்தார். முப்பது வருடம் விமானம் ஓட்டியவர்.

"என்னம்மா, இன்னும் முடியலையா? ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்கல்ல?"

அவள் காகிதத்தைக் காட்டினாள். வடை தின்ற விரலாலேயே ஒரு செதிலை வழித்தெடுத்து, கட்டைவிரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். வடை எண்ணெயும் இன்ஜின் ஆயிலும் கலந்து விரல் மினுமினுத்தது.

"பழைய இன்ஜின்ல இதெல்லாம் வர்றதுதான். நான் பாக்காததா? புது ஆயிலை ஊத்தி, புது பில்டரைப் போட்டு, கையெழுத்தப் போட்டு விடு."

"காந்தத்துல ஒட்டுது சார்."

அவர் மேசையில் கிடந்த துணியை எடுத்து, மடிப்பு மடிப்பாகத் துடைத்தார். அவசரமே இல்லை. சளி பிடித்த பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுவது போலத் துடைத்தார். துணியைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு, மிச்ச வடையை வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்ப எங்க ஒட்டுது?"

மென்றுகொண்டே கேட்டார். உதட்டோரம் எண்ணெய் வழிந்தது. பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விமானத்தின் பழுது விவரங்களை எழுதும் லாக் புத்தகத்தைத் திறந்து பேனாவை எடுத்தாள். அவருக்கு முப்பது வருடம், தனக்கு மூன்று வருடம். ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ என்று ஒரு நொடி நினைத்தாள். அப்படி நினைத்ததற்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

'ஆயில் பில்டரில் இரும்புச் செதில்கள். பறக்கத் தகுதியில்லை.'

எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் புத்தகத்தில் எழுதியதை யாரும் அடிக்க முடியாது.

ஆனந்தராஜ் கத்தினார். பயந்தாங்கொள்ளி என்றார். நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார். பிறகு வேலியோரம் போய், இன்ஜினியரம்மாதான் விமானத்தை நிறுத்திவிட்டார் என்று அவளைக் கைகாட்டினார்.

வேனில் ஏறப்போன செவந்தி திரும்பி வந்தார்.

"எங்க புள்ள முறை வாரப்பதான் ஒங்களுக்கு ரிப்பேரு வருமா?"

செவந்தி ஏறியதும் வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கும்போது கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. என்ன இருந்தாலும் பழைய மனிதர். தான் ஓட்டிய வண்டி தன்னைக் கைவிடாது என்று நம்புகிறார். பிடிவாதம்தான், கெட்ட எண்ணம் இல்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஹரிணி வந்தாள். ஆனந்தராஜின் ஒரே மகள். அவளும் அங்கேதான் பறக்கப் படிக்கிறாள். முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"நெசமாவே அந்த பிளேன நிறுத்திட்டீங்களாக்கா? இனிமே எல்லாரும் என் பிளேனுக்குல்ல வருவாங்க. எனக்கு எங்கிட்டு டர்ன் கெடைக்கும்?"

"உன் பிளேனா? ரெண்டுலயும்தானே எல்லாரும் போறீங்க?"

"நான் போறதில்லக்கா. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அப்பா அதுல ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாங்க. அன்னையிலேர்ந்து என்னைய அதுல ஏறவே விடல. யார்ட்டயும் சொல்லாதன்னுட்டாங்க."

அந்த இரண்டு வாரத்தில் திருமுருகன் பயிற்சியாளர் ஒருவரோடு அதில் ஒன்பது முறை ஏறி இறங்கியிருந்தான்.