பேதுரு கேட்ட யன்னல்

“பிள்ளை, குசினி யன்னலைக் கடல்பக்கம் வைச்சிட்டீங்கள்தானே? காத்து வராட்டி மனிசி என்னைத்தான் பேசுவாள்.”

கட்டிமுடித்த வீட்டைப் பூட்டித் திறப்பைக் கையளிக்கும் நாளிலும் பேதுரு ஐயா விடுவதாயில்லை. வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேர்ட்டோடு விடியவே வந்து வாசலில் நின்றார். பக்கத்தில் மாதா சுரூபத்தை அணைத்தபடி அவர் மனைவி.

சுவேதினிக்கு அழாத குறை. கட்டடக் கலைஞராக அவள் தனியே எடுத்த முதல் வேலை இது: கனடாவிலிருக்கும் றொஷானுக்குப் பேசாலைக் கரையில் ஒரு வீடு. இது நல்லபடி கைமாறினால்தான் ஊரில் நாலுபேர் அவளை நம்பி இன்னொரு வீட்டைத் தருவார்கள்.

எல்லைக் கற்களெல்லாம் மணலுக்குள் போயிருந்தன. ஆறு வயதில் ஊரைவிட்ட றொஷான் போனிலேயே காணியைக் காட்டினார். “பனை வரிசை முடியிற இடத்தைப் பாருங்கோ. கடைசிப் பனைக்கு மேற்கால எங்கட காணி. அப்பா சொன்னவர்.” நில அளவையாளர் வரும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமையில்லை. சுவேதினியே அளந்து பிளான் கீறினாள்.

அத்திவாரம் வெட்டிய அன்றே பேதுரு ஐயா வந்துவிட்டார். “நான் எங்கயும் கையெழுத்து வைக்கவேணுமோ, பிள்ளை?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

றொஷானின் மாமாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, “ஒண்டும் வேண்டாம் ஐயா, நீங்கள் நிண்டு பாத்தாலே காணும்” என்றாள்.

வேலியால் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதைதான்! அறையைப் பெருப்பி, விறாந்தையைக் குறை என்று நாளுக்கொரு கட்டளை. பிளானில் இல்லாத கிணற்றைக்கூட, “இதில வெட்டுங்கோ” என்று காலால் காட்டினார். நாலடியில் பழைய கிணற்றுக் கட்டு தட்டுப்பட்டது. மேசன் அன்ரனி வாயைப் பிளந்தார்.

கிணற்றுக்காகக் குசினி இடம் மாறியது. மாமாவை எதிர்த்து வீட்டுக்காரரைப் பகைக்க முடியுமா? அவள் அனுப்பிய, சுவருக்குத் தண்ணீர் விடும் ஐயாவின் படத்தைப் பார்த்து, “அவர் சொல்லுறதைக் கேளுங்கோ, அனுபவசாலி” என்று றொஷானே போனில் சொல்லியிருந்தாரே.

பத்து மணிக்கு றொஷான் வந்து இறங்கினார். சுவேதினி திறப்பை நீட்டினாள். அவர் வாங்குமுன் பேதுரு ஐயா இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு முன்னால் வந்தார்.

றொஷான் சிரித்தார். “உங்கட ஓவர்சியருக்குத் திறப்பு என்னத்துக்கு, தங்கச்சி?”

“என்ர ஓவர்சியரோ? உங்கட மாமா எண்டெல்லோ நான் நினைச்சன்!”

“எனக்கு இஞ்ச ஒரு சொந்தமும் இல்லையே.”

சுவேதினி பேதுரு ஐயாவின் பக்கம் திரும்பினாள். “ஐயா... நீங்கள் ஆர்?”

“இந்தக் காணிக்காரன், பிள்ளை.” இடுப்பிலிருந்த பொலித்தீன் பையை அவிழ்த்து மஞ்சளித்த காணி உறுதிப் பத்திரத்தை எடுத்தார். “அகதியா ராமேஸ்வரம் போகேக்க கொண்டுபோனது. கிணறும் போட்டிருக்கு, பாருங்கோ.”

“கடைசிப் பனைக்கு மேற்கால எங்கட காணியெல்லோ!” றொஷானின் குரல் உயர்ந்தது.

“அந்தப் பனை இப்ப எங்க, தம்பி? சண்டை நேரம் பங்கருக்கு எண்டு மேற்குத் தொங்கலில நிண்ட பனையள் முழுக்கத் தறிச்சுப்போட்டாங்கள். உங்கட காணி அங்கால, அந்தப் பத்தைக்குள்ள.”

றொஷான் பத்தையைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார். திறப்பை யாரிடம் கொடுப்பதென்று சுவேதினிக்குத் தெரியவில்லை.

ஏந்திய கைகளை மெல்ல இறக்கிக்கொண்டு பேதுரு ஐயா கேட்டார்:

“அப்ப அரசாங்க வீட்டுத்திட்டத்தில எங்கட பேர் வரேல்லையோ, பிள்ளை?”