பத்திலிருந்து பன்னிரண்டு வரை

"கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு மணி நேரம் சார்! டாண்ணு பத்துக்கு உள்ள போனா பன்னெண்டுக்குத்தான் வெளிய வர்றா. கேட்டா 'ஃபோகஸ் டைம் மாமா'ங்கறா."

எதிர் ஃப்ளாட் ஸ்ரீநிவாசராகவனிடம் ராஜாராமன் பொருமித் தள்ளினார். மருமகள் மிருதுளா சொந்தமாக டிசைன் வேலை செய்கிறவள். வீட்டில் உட்கார்ந்து செய்வதெல்லாம் ஒரு வேலையா என்பது அவர் கட்சி. முப்பத்தாறு வருஷம் ஒருநாள்கூட லேட் ஆகாமல் ஆபீஸ் போன மனுஷர் ஆயிற்றே!

"வேலை செய்யத்தானே சார் சாத்தறா?"

"வேலை செய்யறவளுக்கு வீடியோ கால் எதுக்கு? நேத்து காபி கொடுக்கலாம்னு போனேன். கதவு இடுக்குல பார்த்தா, போனை எதிர்ல நிக்க வெச்சிருக்கா. அதுல யாரோ ஒரு ஆம்பளை! ரெண்டு பேருக்கும் பேச்சு மூச்சு கிடையாது. சும்மா எதிரும் புதிருமா உட்கார்ந்திருக்காங்க. நடுவுல அவன் இருமறான், இவ சிரிக்கறா."

"யாருன்னு தெரிஞ்சுதா?"

"கண்ணாடி போட மறந்துட்டேன். ரயில் ஹாரன் மட்டும் கேட்டுது."

"உங்க பையன்கிட்ட சொல்லுங்களேன்."

"ஜெய்கிட்ட வெறுமனே எப்படிச் சொல்றது? பாவம், தினம் எட்டே முக்காலுக்கு ஊரப்பாக்கம் ஸ்டேஷன்ல நான்தான் ஸ்கூட்டர்ல இறக்கி விடறேன். ஆபீஸ்ல மாடா உழைக்கறான். இன்னிக்குக் கையும் களவுமா பிடிச்சுட்டு, சாயங்காலம் சொல்றேன்."

பதினொரு மணிக்கு மழை தூறியது. மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்க மிருதுளா ஓடினாள். அறைக் கதவு திறந்தே கிடந்தது.

ராஜாராமன் மறக்காமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பூனை மாதிரி உள்ளே நுழைந்தார். பெரிய துப்பறியும் புலி என்று நினைப்பு! ஆனால் இது விளையாட்டு இல்லை. மகன் வாழ்க்கை அல்லவா?

போனில் ஒரு சின்ன ரூம் தெரிந்தது. மேஜைமேல் ஒரு நீல டிபன் பை. காலையில் அவரே ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு போன பை.

லேப்டாப்பில் குனிந்திருந்தவன் நிமிராமலே பேசினான்.

"மிரு, எங்க போயிட்டே? எதிர்ல நீ இல்லேன்னா எனக்குக் கையே ஓட மாட்டேங்குது."

மகன் ஜெயகிருஷ்ணன் குரல்!

ராஜாராமன் சட்டென்று ஒதுங்கினார். பின்னாலேயே ஈரத் துணியோடு வந்து நின்ற மிருதுளா, போனை மியூட்டில் போட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"அவருக்கு வேலை போய் மூணு மாசமாச்சு மாமா. என்னை மாதிரியே சொந்தமா ஆரம்பிச்சிருக்கார். தாம்பரத்துல ஃப்ரெண்ட் ரூம்ல உட்கார்ந்து பண்றார். அதட்ட மேனேஜர் இல்ல, பக்கத்து சீட்டுல ஆள் இல்ல. தனியா உட்கார்ந்தா பொழுது எங்க போகுதுன்னே தெரியலைன்னு ஒருநாள் அழுதுட்டார். அதுலேர்ந்து தினம் ரெண்டு மணி நேரம் இப்படி நானும் கூட உட்கார்ந்துக்கறேன்."

"அதை இங்கேயே உட்கார்ந்து பண்ணலாமே! பெத்தவன்கிட்ட எதுக்கு மறைக்கணும்?"

மிருதுளா தயங்கினாள்.

"வீட்டுல உட்கார்ந்து பண்றதெல்லாம் ஒரு வேலையான்னு நீங்கதானே மாமா..."

அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் பார்த்தேன்னு அவன்கிட்ட சொல்லிடாதேம்மா. போ, போனை நிமிர்த்தி வை. புள்ள தேடப் போறான்."

கேமராவில் படாத ஓரமாக ஒரு நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டார். பிரித்தால் சரசரக்கும் என்று பேப்பரை மடியிலேயே வைத்துக்கொண்டு, பன்னிரண்டு அடிக்கும் வரை அவரும் மகனுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தார்.