பத்து நிமிட வண்டி

“பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணாமாய்யா?”

தளி பஸ் ஸ்டாண்டில் ஓசூர் வண்டியின் படிக்கட்டை மறித்து நின்றான் மதுரைவீரன். கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கியது. கண்டக்டர் திம்மப்பன் வாயிலிருந்த விசிலை எடுத்தார்.

ஓசூரில் புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த காலம். திருமங்கலத்துக்காரனான மதுரைவீரனுக்கு அங்கே டைம் ஸ்டடி வேலை. ஒரு பீஸ் முடிந்து அடுத்த பீஸ் வருவதற்குள் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று மெஷின் பக்கத்தில் நின்று அளக்க வேண்டும். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. நேரத்தை அளக்க வந்தவனே தினமும் லேட்டாக வந்தால் யார் பொறுப்பார்கள்? ‘இன்னொரு நாள் லேட்டானா அப்படியே ஊருக்குக் கிளம்பிடு’ என்று மேனேஜர் நேற்றுச் சொல்லிவிட்டார்.

எல்லாம் இந்த வண்டியால் வந்த வினை. திங்கட்கிழமை இதில் இருந்த கூட்டத்தைப் பார்த்து மலைத்துப்போய், “அடுத்த வண்டி எப்போ?” என்று கேட்டான்.

“ஹத்து, ஹத்து!” என்று அவசரமாகக் கையை ஆட்டினார் திம்மப்பன்.

ஒந்து, எரடு என்று கன்னடத்தில் எண்ணுவதற்கு தளியில் அவன் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி வெங்கடம்மா சொல்லிக் கொடுத்திருந்தாள். ஹத்து என்றால் பத்து. பத்து நிமிடம்தானே, சட்டை கசங்காமல் போகலாம் என்று ஒதுங்கி நின்றான். மற்றவர்கள் முண்டியடித்து ஏறினார்கள்.

அடுத்த வண்டி வர முக்கால் மணி நேரம் ஆனது. செவ்வாயும் அதே ஹத்து, அதே முக்கால் மணி. ஒரு தடவை அளந்ததை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்பது அவனுடைய தொழில் தர்மம். அதனால் புதனும் வியாழனும்கூட ஒதுங்கி நின்று பொறுமையாக அளந்தான்.

“நாலு நாளா அளந்துட்டேன். இந்த வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவுல முக்கால் மணி நேரம்! நீங்க கூசாம பத்து நிமிஷம்னு சொல்றீக. எனக்கு வேலை போச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

“நா எப்ப சார் பத்து நிமிஷம்னு சொன்னேன்?”

“தெனமும் என் மூஞ்சியப் பாத்து ‘ஹத்து, ஹத்து’ன்னு கத்தல?”

ஜன்னலோரம் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த செல்வம்மாள் ‘களுக்’கென்று சிரித்தாள். வண்டி முழுவதும் அந்தச் சிரிப்பு பரவியது. திம்மப்பன் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு சொன்னார்:

“ஹத்துன்னா ஏறுன்னும் அர்த்தம் சார்!”