கஷாயம் அண்ணன்

"மறுபடியும் கிளம்பிட்டார் பாரு, மகாராஜா!"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் பல்லைக் கடித்தாள். அந்த ஜவுளிக்கடையில் கழிவறைச் சாவி முதலாளியின் கல்லாவுக்குள்தான் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வெளியே வரும். நினைத்தபோதெல்லாம் வாங்கிக்கொண்டு போக ஒருத்தருக்குத்தான் அனுமதி. மூத்த விற்பனையாளர். கிட்னியில் கல்லாம்.

பிளாஸ்க்கில் கஷாயம் கொண்டுவந்து, முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு குடிப்பார். பெயரே 'கஷாயம் அண்ணன்' ஆகிவிட்டது.

மறதி வேறு. சாவியைத் துணிக்கட்டு மேல் போட்டுவிட்டுப் போய்விடுவார். மற்ற பெண்கள் நைசாக எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். அவளுக்கு அந்தத் திருட்டு வேலை பிடிக்காது. கழிவறை போகவேண்டி வருமே என்று தண்ணீரே குடிக்க மாட்டாள்.

ஒருநாள் முதுகில் சுருக்கென்று கிளம்பிய வலி அடிவயிற்றுக்கு இறங்கியது. அப்படியே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பின்னாடி ஆரம்பிச்சுக் கீழே இறங்குதா? போகும்போது எரியுதா?" கஷாயம் அண்ணன்தான்.

"ஆமாண்ணே, உயிர் போகுது. அந்தக் கஷாயத்துல ஒரு வாய் குடுங்களேன்!"

பிளாஸ்க்கைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். "இது என் உடம்புக்குன்னு போட்டது. நீ முதல்ல ஸ்கேன் எடு. அப்புறம் என் ஆயுர்வேத டாக்டரைப் பாரு."

ஒரு வாய்க்கு இவ்வளவு கஞ்சத்தனமா! மனுஷனா இவர்?

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தார். "சின்னக் கல்தாம்மா. நெருஞ்சில் கஷாயம் தர்றேன். ஆனா தண்ணி குடிக்காம, வர்றதை அடக்கிக்கிட்டு இருந்தா எந்தக் கஷாயமும் ஒண்ணும் கிழிக்காது. காய்ச்சல் வந்தா நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு."

ஸ்கேனைக் காட்டியதும் முதலாளி முனகிக்கொண்டே அவளுக்கும் சாவி கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு கஷாயம் குடித்தாள், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள்.

ஒரு காலையில் துள்ளிக்கொண்டு கடைக்குள் வந்தாள். "அண்ணே, கல் விழுந்துடுச்சு!"

"ஷ்ஷ்! மெதுவா!" அவர் பதறிப்போய்க் கல்லாப் பக்கம் எட்டிப் பார்த்தார். "முதலாளி காதுல விழப்போகுது. எனக்கு விழுந்தே ரெண்டு வருஷம் ஆச்சு. மூச்சு விட்டேனா?"

அவள் பிளாஸ்க்கைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ பிளாஸ்க்குல?"

"டீ."

"ஏண்ணே இந்த நாடகம்?"

அவர் சாவியை வழக்கம்போல் துணிக்கட்டு மேல் 'மறந்து' வைத்தார்.

"கல்லு போச்சுன்னா சாவியும் போயிடும். அப்புறம் மத்தப் பொண்ணுங்கல்லாம் எங்கேம்மா போவாங்க?"